கருப்புத் திரையும் ஜன்னல்களும்: கமாண்ட் லைன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள், கல்லூரி லேபில் முதன்முறை டெர்மினலைத் திறந்தவர்கள், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சர்வர் பாஸ்வேர்ட் கையில் கிடைத்துத் திகைத்து நிற்பவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டளைகளை வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படியே எழுதியிருக்கிறேன். எல்எஸ் என்று பார்த்தால் அந்த இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்துகளைத் தட்டுங்கள்.

கமாண்ட் லைன், டெர்மினல், ஷெல் எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகத்தான் சொல்கிறோம், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மூன்றும் வேறு வேறு. டெர்மினல் என்பது எழுத்தைக் காட்டுகிற, நீங்கள் தட்டுவதை வாங்கிக்கொள்கிற ஜன்னல், அவ்வளவுதான். அதற்கு எந்தக் கட்டளையும் தெரியாது. உள்ளே உட்கார்ந்து நீங்கள் தட்டிய வரியைப் படித்து, பிரித்து, எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்வது ஷெல். மல்டிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் அது. உள்ளே இருக்கும் பருப்பு, அதாவது இயங்குதளத்தின் மையம், கெர்னல் என்றால் மேலே இருக்கும் ஓடு ஷெல். கட்டளையைத் தட்டுகிற அந்த வரிதான் கமாண்ட் லைன்.

இந்த வித்தியாசம் எதற்கு என்றால், ஏதாவது பழுதானால் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும். எழுத்து சின்னதாக இருக்கிறது, நிறம் பிடிக்கவில்லை என்றால் டெர்மினலின் அமைப்பை மாற்றுங்கள். கட்டளையே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது ஷெல்லின் சமாச்சாரம். கருப்பு நிறமும் கட்டாயம் கிடையாது, நான் பத்து வருடமாக வெளிர் மஞ்சள் பின்னணியில்தான் வேலை செய்கிறேன், கண்ணுக்கு இதம்.

கட்டளைகள் ஏன் எல்எஸ், சிபி, எம்வி என்று இப்படி மொட்டையாக இருக்கின்றன?

இதற்கு நல்ல காரணம் இருக்கிறது, அது தெரிந்தால் அந்தப் பெயர்கள் மேல் வரும் எரிச்சலும் குறையும்.

1969இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியபோது அவர்கள் பெரும்பாலும் வேலை செய்தது திரையில் இல்லை. டெலிடைப் மாடல் 33 என்ற இயந்திரம்தான் அன்று கணினியோடு பேசுவதற்குப் பரவலாக இருந்தது. தட்டச்சு இயந்திரமும் தந்தி இயந்திரமும் சேர்ந்த மாதிரி ஒன்று. தட்டினால் காகிதச் சுருளில் அடிக்கும், கணினி சொல்லும் பதிலும் அதே காகிதத்தில் அடித்து வரும். அதன் வேகம் நொடிக்கு 10 எழுத்து. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரு பத்தியை அடிக்கவே அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். விசைகளும் விரலை நன்றாக அழுத்தினால்தான் இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு எழுத்து மிச்சம் என்றாலும் மிச்சம்தான். ஃபைல்களைப் பட்டியலிடும் 'லிஸ்ட்' எல்எஸ் ஆனது, 'காப்பி' சிபி ஆனது, 'மூவ்' எம்வி ஆனது. வேலை ஒழுங்காக முடிந்தால் கணினி ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும், சொன்னால் காகிதமும் நேரமும் வீண். அன்றைய இடி என்ற எடிட்டரில் தப்பாக ஏதாவது தட்டினால் வரும் பதில் ஒரே ஒரு கேள்விக்குறி.

இன்றும் லினக்ஸில் டிடிஒய் என்று ஒரு கட்டளை இருக்கிறது, நீங்கள் எந்த டெர்மினலில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சொல்லும். டெலிடைப் இயந்திரத்தின் பெயர்ச் சுருக்கம்தான் அது. இயந்திரங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, பெயர் மட்டும் உங்கள் லேப்டாப்பில் தங்கிவிட்டது.

அப்படியானால் மவுஸும் ஜன்னலும் யாருடைய கண்டுபிடிப்பு? ஆப்பிளா, மைக்ரோசாஃப்டா?

இரண்டு பேரும் இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற ஆய்வாளர் மேடையில் உட்கார்ந்து மவுஸை நகர்த்தி, திரையில் எழுத்தைத் திருத்தி, ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு வழியாகத் தாவி, தொலைவில் இருந்த சக ஊழியரோடு வீடியோவில் பேசியும் காட்டினார். அவருடைய முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். பில் இங்கிலிஷ் என்ற பொறியாளர் செய்து கொடுத்தது. யூனிக்ஸ் பிறப்பதற்கு முந்தின வருடம் இது, அதனால் கமாண்ட் லைன் பழசு, மவுஸ் புதுசு என்று நாம் நினைப்பது முழுக்கச் சரியில்லை.

அப்புறம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம் 1973இல் ஆல்டோ என்ற கணினியைச் செய்தது. 1981இல் ஸ்டார் வந்தது. மேசை, அதன் மேல் ஃபோல்டர், ஃபைல், ஐகான் என்று நாம் இன்று பார்க்கும் உருவம் கடைக்கு வந்தது அதில்தான். விலை 16,000 டாலருக்கு மேல், யார் வாங்குவார்கள்? 1983இல் ஆப்பிளின் லிசா 9,995 டாலர், அதுவும் போணியாகவில்லை. 1984 ஜனவரியில் மேக்கின்டாஷ் 2,495 டாலருக்கு வந்த பிறகுதான் ஓரளவு மக்கள் கைக்கு எட்டியது. விண்டோஸின் முதல் பதிப்பு 1985 நவம்பர், அதில் ஜன்னல்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கக்கூட முடியாது, தரையில் பதிக்கும் ஓடுகளைப் போலப் பக்கத்தில் பக்கத்தில்தான் அடுக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டன் 1995 ஆகஸ்டில் வந்தது.

சரி, எது வேகம்?

வேலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரே கல்யாணத்தில் இரண்டுக்கும் உதாரணம் சொல்கிறேன்.

நண்பர் ஒருவர் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஒரு கல்யாணத்துக்கு எடுத்த 1,340 படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற அளவுக்குச் சின்னதாக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, அளவை மாற்றி, சேமித்து மூடினால் படத்துக்கு 20 நொடி என்று வைத்துக்கொண்டாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல். நான் படங்களை வேறு ஃபோல்டரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, இமேஜ்மேஜிக் தொகுப்பில் உள்ள ஒரு கட்டளையைத் தட்டினேன்:

மோக்ரிஃபை -ரீசைஸ் 1600 *.ஜேபிஜி

எல்லாப் படத்தின் அகலத்தையும் 1600 புள்ளியாக்கு என்று அர்த்தம். தட்டிவிட்டு டீ குடிக்கப் போனோம். நகல் எடுத்தது ஏன் என்றால் மோக்ரிஃபை மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும், அதைக் கேட்டுக்கொண்டும் நிற்காது.

ஆனால் அந்த 1,340இல் ஆல்பத்துக்கு நல்ல 150 படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை இருந்ததே, தாலி கட்டும் நேரத்தில் மாமியார் கண்ணை மூடியிருக்கும் படத்தை ஒதுக்கிவிட்டுப் பக்கத்துப் படத்தை எடுப்பது, அதற்கு நான் ஒரு கட்டளைகூடத் தட்டவில்லை. படங்களைத் திரை நிறையப் பரப்பி வைத்து, கண்ணால் பார்த்து, கையால் சுட்டினோம். கண் பார்த்து முடிவு செய்ய வேண்டிய வேலைக்கு ஜன்னல். முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று, அதை ஆயிரம் தடவை செய்ய வேண்டும் என்றால் கட்டளை. எது வேகம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கிளிக்கிலேயே செய்துவிட முடிகிறதே, பிறகு ஏன் கற்கச் சொல்கிறீர்கள்?

கட்டளை என்பது ஒரு வாக்கியம். வாக்கியத்தை எழுதி வைக்கலாம், அடுத்தவருக்கு அனுப்பலாம், ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கலாம். கிளிக்கை அப்படி எழுதி வைக்க முடியாது.

ஒருநாள் என் சித்தப்பாவுக்குப் போனில் ஒரு அமைப்பை மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். "மேலே வலது பக்கம் பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும், அதை அமுக்குங்க சித்தப்பா." "அப்படி ஒண்ணும் இல்லையேப்பா, மூணு புள்ளிதான் இருக்கு." "சரி, அதை அமுக்குங்க." "அமுக்கிட்டேன், நீ சொன்னது இதுல இல்லையே." அவரிடம் இருந்தது வேறு பதிப்பு, மெனு இடம் மாறியிருந்தது. இருபத்தைந்து நிமிடம் போனது. அவருடையது லினக்ஸ் கணினிதான், அதனால் கடைசியில் ஒரு வரியை எழுதி அனுப்பி, நகலெடுத்து டெர்மினலில் ஒட்டச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் முடிந்தது.

லினக்ஸ் பற்றிய உதவிக் குறிப்புகள் பெரும்பாலும் கட்டளையாகவே இருப்பதற்கும் இதுதான் காரணம். ஜன்னல்கள் வருடத்துக்கு வருடம் முகம் மாறுகின்றன. எல்எஸ் என்று தட்டினால் 1971இல் என்ன செய்ததோ அதைத்தான் இன்றும் செய்கிறது.

பைப் பைப் என்கிறார்களே, அது என்ன?

எனக்கு இந்த முழு விஷயத்திலும் ரொம்பப் பிடித்த பகுதி இது.

பெல் லேப்ஸில் டக் மக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பு எழுதினார்: தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை ஒன்றோடொன்று மாட்டுவது போல நிரல்களையும் மாட்ட ஒரு வழி வேண்டும் என்று. வருடக்கணக்காக விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 1973இல் கென் தாம்சன் ஒரே இரவில் அதை யூனிக்ஸுக்குள் எழுதி முடித்தார். | என்ற செங்குத்துக் கோடுதான் பைப். இடது பக்க நிரல் வெளியே விடுவதை வலது பக்க நிரல் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

கையில் ஒரு வேலையை எடுத்துப் பார்ப்போம். ஒரு இணையதளம் திடீரென்று மெதுவாகிவிட்டது, யாரோ ஒரே இடத்திலிருந்து ஆயிரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகம். வந்து போனவர்களின் பதிவேட்டில் லட்சம் வரி இருக்கிறது, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஐபி முகவரி, அதாவது கேட்டது எந்த இடத்திலிருந்து என்று காட்டும் எண்.

கட் -டி' ' -எஃப்1 ஆக்சஸ்.லாக் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட்

கட் ஒவ்வொரு வரியிலும் முதல் இடைவெளி வரை வெட்டித் தருகிறது, அதாவது முகவரி மட்டும். சார்ட் அதை வரிசைப்படுத்துகிறது, ஒரே முகவரிகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். யூனிக் அடுத்தடுத்து ஒரே மாதிரி இருக்கும் வரிகளை ஒன்றாக்கி எத்தனை என்று எண்ணுகிறது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: யூனிக் அடுத்தடுத்த வரியை மட்டும்தான் ஒப்பிடும், முன்னால் சார்ட் போடாவிட்டால் எண்ணிக்கை தப்பாக வரும், பிழைச் செய்தியும் வராது. அப்புறம் எண்ணிக்கைப்படி பெரியதிலிருந்து வரிசை, கடைசியில் முதல் பத்து வரி. சில நொடியில் ஆள் அகப்படுவார்.

இந்த ஐந்து இடத்தில் வேலை செய்த நான்கு நிரல்களில் ஒன்றுக்குக்கூட இணையதளம் என்றால் என்னவென்று தெரியாது, எல்லாமே இணையதளங்கள் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. மாட்டுகிற வாய் ஒரே அளவாக இருப்பதால் எதையும் எதோடும் மாட்ட முடிகிறது. ஜன்னலில் ஓடும் நிரல்களை இப்படி ஒன்றோடொன்று மாட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன். காப்பி பேஸ்ட்டைத் தாண்டி அங்கே பெரிதாக ஒன்றும் அமையவில்லை.

ஒரு எழுத்து தவறினால் எல்லாம் அழிந்துவிடுமாமே?

அழியும். எனக்கே நடந்தது. நான் உதவிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சின்ன அச்சகத்தின் கணினியில், டெம்ப் என்று தொடங்கும் ஃபைல்களை எல்லாம் அழிக்க நினைத்து, ஆர்எம் -ஆர் டெம்ப் என்று தட்டி நட்சத்திரத்தைப் போடும் முன் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. டெம்ப்* என்பது டெம்ப் * ஆகிவிட்டது. முதலாவது, டெம்ப் என்று தொடங்குபவை. இரண்டாவது, டெம்ப் என்ற ஒன்றும், அப்புறம் இங்கே இருக்கும் எல்லாமும். என்டர் தட்டினேன். எந்தக் கேள்வியும் வரவில்லை, அடுத்த வரி வந்து நின்றது. எல்எஸ் தட்டினால் ஃபோல்டர் காலி. வார இறுதியில் பென்டிரைவில் எடுத்த நகல் ஒன்று இருந்ததால் மீதி ஐந்து நாள் பில்களை மட்டும் நானே காகிதத்தைப் பார்த்து ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஏற்றினேன்.

அன்றிலிருந்து நான் மாற்றிக்கொண்ட பழக்கம் ஒன்று. நட்சத்திரத்தை விரித்துப் பெயர்ப் பட்டியலாக்குவது ஆர்எம் கிடையாது, ஷெல்தான். ஆர்எம் கைக்குப் போகும்போது வெறும் பெயர்கள்தான் போகின்றன. அதனால் ஆர்எம் தட்டும் முன் அதே இடத்தில் எக்கோ என்று போட்டுத் தட்டினால், எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று பெயர் பெயராகக் காட்டிவிடும். பார்த்துவிட்டு, மேல் அம்புக்குறியால் அதே வரியை வரவழைத்து, எக்கோவை மட்டும் ஆர்எம் ஆக்குங்கள். ஜன்னலில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருப்பது பெரிய புண்ணியம், கட்டளை வரியில் அது தானாக வராது.

விண்டோஸில் இதெல்லாம் உண்டா?

உண்டு. விண்டோஸுக்கு முன்னால் இருந்த டாஸ் இயங்குதளத்தின் டிர், காப்பி, டெல் எல்லாம் சிஎம்டி என்ற கட்டளை ஜன்னலில் இன்னும் ஓடும். 2006இல் பவர்ஷெல் வந்தது, அது வேறு ரகம்: பைப்பில் வெறும் எழுத்தாக அனுப்பாமல் பெயர், அளவு, தேதி என்று பகுதி பகுதியாகப் பிரித்த பொருளாகவே அனுப்பும், கட் வைத்து வெட்ட வேண்டியதில்லை. அது நல்ல யோசனை என்று நினைக்கிறேன், கட்டளைப் பெயர்கள்தான் நீளம். 2016இலிருந்து விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியும் இருக்கிறது, கற்பதற்கு அது போதும்.

மேக்கில்?

அடியில் யூனிக்ஸ்தான். டெர்மினலைத் திறந்தால் 2019இலிருந்து இசட்எஸ்எச் ஷெல் வரும், இங்கே சொன்ன லினக்ஸ் கட்டளைகளில் மோக்ரிஃபை தவிர மற்றவை அப்படியே ஓடும்.

டெர்மினலில் தமிழ் ஏன் உடைந்து உடைந்து தெரிகிறது?

டெர்மினல் திரையைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலத்தில் ஒரு கட்டம். டெலிடைப் காலத்து ஏற்பாடு. தமிழில் 'ர' ஒல்லி, 'ணை' அகலம். 'கொ' என்று எழுதினால் ஒரு குறி ககரத்துக்கு முன்னாலும் ஒன்று பின்னாலும் போய் நிற்க வேண்டும். கட்டத்துக்குள் அடங்காது, அதனால் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்.

பார்ப்பதற்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை, எண்ணுவதிலும் உண்டு. டெர்மினலில் பிரிண்ட்எஃப் 'தமிழ்' என்று தட்டி அதை எண்ணிச் சொல்லும் டபிள்யூசி கட்டளைக்குப் பைப் செய்து பாருங்கள். நம் கணக்கில் மூன்று எழுத்து. டபிள்யூசி -எம் ஐந்து என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. டபிள்யூசி -சி பதினைந்து என்று சொல்லும், ஏனென்றால் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். லினக்ஸில் பரவலாக இருக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் 255 எழுத்து வரை போகலாம், தமிழில் 85 குறியீடு, நம் கணக்கில் அதைவிடக் குறைவான எழுத்து. கட்டுரைத் தலைப்பையே ஃபைல் பெயராக வைக்கிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, தேடுகிறவர்களை அலைக்கழிப்பது. 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லைத் தேடும் கட்டளையான கிரெப்புக்கு இரண்டும் வேறு வேறு. 'ஔ'வை ஒரே எழுத்தாகத் தட்டாமல் 'ஒ'வும் 'ள'வுமாகத் தட்டி வைத்த ஃபைல்களும் இப்படித்தான். கண் முன்னால் இருக்கும் சொல் கிரெப்பில் கிடைக்கவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். படிப்பதற்கும் திருத்துவதற்கும் ஒரு ஜன்னல் எடிட்டரில் திறப்பதுதான் நிம்மதி, அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. கற்க முடியுமா?

முடியும். கிரெப் என்பது ஆங்கிலம் தெரிந்தவருக்கும் புரியாத சொல்தான், இடி எடிட்டரில் 'எல்லா வரியிலும் தேடி அச்சிடு' என்பதற்கான குறிகளைச் சேர்த்துப் படித்தால் வரும் ஓசை அது. எல்லாரும் புதிதாகத்தான் மனப்பாடம் செய்கிறோம். பிழைச் செய்திகளும் மேன் எனப்படும் விளக்கப் பக்கங்களும் ஆங்கிலத்தில் இருப்பது உண்மையான தடை, அதை மறைக்க விரும்பவில்லை. லினக்ஸின் ஜன்னல் சூழல்களான நோம், கேடிஇ இரண்டுக்கும் ஆர்வலர்கள் செய்த தமிழாக்கம் இருக்கிறது, ஜன்னல்களைத் தமிழில் வைத்துக்கொண்டு கட்டளைகளைப் பக்கத்திலேயே பழகலாம். என்னிடம் படித்தவர்களில் பலர் ஒரு சின்ன நோட்டில் கட்டளையும் பக்கத்தில் தமிழில் அர்த்தமும் எழுதித்தான் தொடங்கினார்கள்.

பார்வையற்றவர்களுக்கு எது வசதி?

டாஸ் காலத்தில் திரையில் இருந்தது வெறும் எழுத்து, வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு எளிது. விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் 1989இல் வெளியிட்ட ஜாஸ் என்ற திரைவாசிப்பான் முதலில் டாஸுக்குத்தான் வந்தது. படமாக வரையப்பட்ட ஜன்னல்கள் வந்தபோது பலருக்கு வேலையே போய்விடுமோ என்ற பயம் இருந்தது. இன்று பட்டன், மெனு எல்லாம் தம் பெயரைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது, என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பெயரை நிரல் எழுதுபவர் வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றுதான் கேட்கும். இதைச் செய்யாமல் விடுவதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன். கட்டளை நிரல் எழுதுபவர்களுக்கும் ஒன்று: ஓடிக்கொண்டே இருக்கும் முன்னேற்றக் கோடு காதுக்கு வெறும் இரைச்சல், அதை நிறுத்த ஒரு வழி வையுங்கள்.

சர்வரில் ஏன் ஜன்னலே இல்லை?

சர்வர் முன்னால் யாரும் உட்காருவதில்லை. படம் வரைய நினைவகம் வேண்டும், புதுப்பிக்க இன்னும் நூறு நிரல் வேண்டும், ஓட்டை விழ இன்னும் நூறு இடம். தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போகிறோம். பின்லாந்தில் தன் பல்கலைக்கழக வலையில் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டதைப் பார்த்து டாட்டு யூலோனன் 1995இல் எழுதியது அது. போவதும் வருவதும் எழுத்து மட்டும் என்பதால், சிக்னல் ஒரு கோடு இருக்கும் இடத்திலிருந்தும் வேலை நடக்கும்.

முதல் வாரம் என்ன பழகுவது?

டேப் விசை. பெயரில் இரண்டு எழுத்து தட்டி டேப் அமுக்கினால் மீதியை ஷெல் நிரப்பும், நிரப்பவில்லை என்றால் அந்த எழுத்துகளில் ஒன்றுக்கு மேல் பெயர் இருக்கிறது, அல்லது பெயரை நீங்கள் தப்பாகத் தட்டியிருக்கிறீர்கள் என்று அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் கன்ட்ரோல் ஆர், எப்போதோ தட்டிய வரியில் ஞாபகம் இருக்கும் ஒரு துண்டைச் சொன்னால் தேடிக் கொண்டுவரும். ஓடுவதை நிறுத்த கன்ட்ரோல் சி. கட்டளைகளில் பிடபிள்யூடி (எந்த ஃபோல்டரில் இருக்கிறோம்), சிடி (ஃபோல்டர் மாற), எல்எஸ், சிபி, எம்வி, லெஸ் (ஃபைலைப் படிக்க) இந்த ஆறும் போதும், ஆர்எம் இரண்டாவது வாரம்.

இணையத்திலோ ஏஐ அரட்டையிலோ கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டலாமா?

சூடோ என்று தொடங்கினால் நில்லுங்கள், கணினியின் சாவிக்கொத்தை முழுசாகக் கொடுக்கிறீர்கள். இணையத்திலிருந்து இறக்கும் கர்ல் என்று தொடங்கி, பைப் போட்டு, பாஷ் என்ற ஷெல்லின் பெயரில் முடிந்தால் எங்கிருந்தோ வரும் நிரலைப் பிரித்துப் பார்க்காமலே ஓட்டுகிறீர்கள். அந்த ஃபைலை முதலில் இறக்கி, லெஸ்ஸில் திறந்து ஒருமுறை பாருங்கள். மற்ற வரிகளை முதலில் ஒரு நோட்பேடில் ஒட்டி, ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று பிரித்துப் படியுங்கள். புரியாத கட்டளைக்கு மேன் என்று தட்டிப் பக்கத்தில் அதன் பெயரைப் போட்டால் விளக்கம் வரும். அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்றுதான் அடுத்த கேள்வி எப்போதும் வருகிறது: க்யூ.